வெட்டலாமா, நிற்கட்டுமா

செப்டம்பர் பிறந்து முதல் திங்கட்கிழமை வந்துவிட்டால் யேம்ட்லாந்து மாகாணத்தில் ஒரு வேலையும் நடக்காது. பல் வலி வந்தால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அடுத்த வாரம்வரை பொறுத்திருக்க வேண்டியதுதான். பல் டாக்டர் எங்கோ பரண் மேல் துப்பாக்கியோடு உட்கார்ந்திருப்பார். குழாய் உடைந்தால் அடியில் வாளியை வை. செத்துப்போகிறவர்கள்கூடக் கொஞ்சம் முன்பின் பார்த்துச் சாவது நல்லது, பெட்டியைத் தூக்க ஆள் கிடைக்காது. மூஸ் மான் வேட்டை விடுமுறை என்றால் அப்படி. பாதிரியாருக்கே கோபம் வருவதில்லை, அவரும் காட்டுக்குள்தான் இருக்கிறார்.

ஸ்டூரேக்கு அந்த வாரம் வேறு கணக்கு. மற்றவர்கள் மூஸுக்காகக் காத்திருந்தார்கள். அவன் சோல்வைக்காகக் காத்திருந்தான். வருஷத்தின் மற்ற வாரங்களெல்லாம் இந்த ஒரு வாரத்துக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்பவை என்பது அவன் நினைப்பு. அறுபது வயதுக்காரன் வெளியே சொல்லிக்கொள்ளக்கூடிய நினைப்பா இது? அதனால் அவன் சொல்லவில்லை.

சோல்வை ஒரு காலத்தில் அவன் மனைவி. கடற்கரை நகரத்து ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலை கிடைத்தபோது, "நீயும் வர்றியா?" என்று கேட்டாள். "இங்க வேல கெடக்கே" என்றான். காடு அளக்கிற வேலை அவனுக்கு. எந்தக் காடு எந்த வயதில் இருக்கிறது, எதை வெட்டலாம், எதை விடலாம் என்று சொந்தக்காரர்களுக்குச் சொல்வான். சுற்றுவட்டாரத்தில் அவன் சொன்னால் சொன்னதுதான். கடலோரத்தில் போய் அவன் எதை அளப்பது? அவள் போனாள், அவன் இருந்தான். சண்டை ஒன்றும் இல்லை. சண்டை போட்டிருந்தால் ஒருவேளை சேர்ந்திருப்பார்கள்.

ஆனால் சோல்வைக்கு அவள் அப்பா விட்டுப்போன காடு இங்கே இருந்தது. காடு உள்ளவருக்குத்தான் அந்த ஊர் வேட்டைக் குழுவில் இடம். காட்டை விற்றால் இடம் போயிற்று. விருந்தாளிகளைச் சேர்ப்பதும் இல்லை. ஸ்டாக்ஹோமிலிருந்து வந்த யாரோ ஒரு மச்சான், மூஸ் என்று நினைத்து பெர்ட்டிலின் நாயைக் குறிபார்த்ததிலிருந்து அந்தக் கதவைச் சாத்திவிட்டார்கள். ஆக, அப்பாவின் காடு இருக்கிறவரை சோல்வை வருவாள். ஒவ்வொரு செப்டம்பரிலும் பழைய நீல வால்வோவில் வந்து, குழுவின் குடிசையில் எலிகளோடு ஒரு வாரம் தங்கி, நன்றாகச் சுட்டு, திரும்பிப் போவாள்.

அந்தத் திங்கட்கிழமை காலையிலும் குடிசையில் எல்லோரும் கூடியிருந்தார்கள். ஸ்டூரேதான் குழுத் தலைவன். யார் எந்தப் பரணில் உட்கார்வது என்று அவன்தான் சொல்ல வேண்டும்.

"சோல்வை, சதுப்போரப் பரண்," என்றான், வரைபடத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

"அதாவது, ஒன் பரணுக்குப் பக்கத்துப் பரண்," என்றான் பெர்ட்டில். நாயை விட்டு மூஸைக் கிளப்புவது அவன் வேலை. ஆளைக் கிளப்புவதும் அவன் வேலைதான்.

"பரண் அங்க இருக்கு. நான் என்ன பண்ண?"

"போன வருஷமும் அங்கதான் இருந்துச்சு. காத்து வடக்க அடிச்சாலும் தெக்க அடிச்சாலும் சோல்வைக்கு அதே பரண். மூஸுக்கே இந்நேரம் மனப்பாடம் ஆயிருக்கும்டா. அங்க ஒரு ஜோடி உக்காந்திருக்கு, நம்ம எதுக்கு நடுவுலன்னு சுத்திப் போயிடும்."

சோல்வை வாய்விட்டுச் சிரித்தாள். ஸ்டூரேவின் காது சிவந்தது.

"ஒன் நாய்க்கு இருக்கற நாகரிகம் ஒனக்கு இல்ல, பெர்ட்டில்," என்றாள் மரீட்டா, காப்பியை ஊற்றிக்கொண்டே. அவள் மரம் வெட்டும் பெரிய இயந்திரத்தை ஓட்டுகிறவள். அவள் பேசினால் பெர்ட்டில் அடங்கிவிடுவான். "அத அவுத்து விடு. நீயும் கூடவே போ."

பரணில் ஏறி உட்கார்ந்தபோது சதுப்பு முழுக்க மூடுபனி. அந்தப் பக்கத்தில் சோல்வையின் ஆரஞ்சுத் தொப்பி மட்டும் மங்கலாகத் தெரிந்தது. ஸ்டூரேக்கு அது போதும். தொப்பி அசைந்தால் அவள் பிளாஸ்கைத் திறக்கிறாள். தொப்பி குனிந்தால் கால்மூட்டைத் தேய்த்துவிடுகிறாள். இடது மூட்டு. முன்பு வலித்ததில்லை. அதைக் கேட்கவேண்டும் என்று நினைத்தான். வாக்கி டாக்கியை எடுத்தான். அதில் ஒருவர் பேசினால் குழு முழுவதும் கேட்கும்.

"சோல்வை. ஏதாவது தெரியுதா?"

"மூடுபனி தெரியுது."

"சரி."

அவ்வளவுதான் பேச்சு. கோழிக்கு இறைத்ததுபோல இந்த மாதிரி நாலு வார்த்தைகள் ஒவ்வொரு வருஷமும் விழும். அதைப் பொறுக்கி வைத்துக்கொண்டு அவன் பனிக்காலம் முழுவதையும் ஓட்டுவான். இருட்டில் வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைக்கும்போது, "மூடுபனி தெரியுது" என்று அவள் குரலிலேயே தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வான். அவளைப் பிரிந்ததில் அவன் பட்ட வேதனை, வருஷம் ஆக ஆகக் குறையவே இல்லை. குறையும் என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள். எல்லோரும் தப்பாகச் சொல்லியிருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை மதியம் நெருப்பு மூட்டி எல்லோரும் தொத்திறைச்சியைக் குச்சியில் குத்தி வாட்டிக்கொண்டிருந்தபோது சோல்வை அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அந்த ஊர் வழக்கப்படி கோப்பையில் பாலாடைக்கட்டித் துண்டைப் போட்டு அதன்மேல் காப்பியை ஊற்றினாள்.

"என் காட்ட ஒரு தடவ பாத்துச் சொல்றியா?"

"என்ன பாக்கணும்?"

"வெட்டலாமா, நிக்கட்டுமான்னு." அவள் கோப்பையைச் சுற்றினாள். "வெட்டறதா இருந்தா மண்ணோட வித்துடலாம்னு இருக்கேன். வெட்டின எடத்துல நாத்து நடணும், பொதர் எடுக்கணும், மூஸ் வந்து மேயாம பாத்துக்கணும். எனக்கு இங்க யாரு இருக்கா? நிக்கலாம்னா வச்சுக்கறேன். வழக்கம்போல வந்துட்டுப் போறேன்."

ஸ்டூரேவின் தொத்திறைச்சி குச்சியிலிருந்து நழுவி நெருப்பில் விழுந்தது. பெர்ட்டிலின் நாய் அதைப் பார்த்தது. ஸ்டூரே அதைப் பார்க்கவில்லை.

"விக்கிறதா?" என்றான்.

"நீ சொல்றதப் பொறுத்து."

சாப்பிட்ட பிறகு இருவரும் நடந்தே போனார்கள். சோல்வையின் காடு மேட்டுச் சரிவில் இருந்தது. நல்ல உயரமான ஸ்ப்ரூஸ் மரங்கள். அவள் தாத்தா காலத்தில் முளைத்தவை. கல்யாணமான புதிதில் ஸ்டூரேயும் சோல்வையும் இங்கேதான் ஒரு கோடை முழுவதும் நோஞ்சான் மரங்களைக் கழித்துக்கொண்டிருந்தார்கள். கொசு பிடுங்கியது. ரொட்டியும் வெண்ணெயும் கொண்டுவந்து பாசி மேல் உட்கார்ந்து தின்றார்கள். தின்ற பிறகு உடனே வேலைக்குத் திரும்பியதில்லை. அதெல்லாம் ஸ்டூரேக்கு நன்றாகவே நினைவிருந்தது. சோல்வைக்கும் இருந்திருக்கும், முன்னால் நடந்தவள் ஓரிடத்தில் கொஞ்சம் நின்று, பிறகு நடந்தாள்.

காடு எப்படி இருக்கிறது என்று ஸ்டூரேக்கு எட்டி நின்றபோதே தெரிந்துவிட்டது. நுனிகள் மெலிந்திருந்தன. ஊசியிலை உதிர்ந்து வெளிச்சம் உள்ளே விழுந்தது. ஒரு மரத்தடியில் பட்டைத் தூள் காப்பிப்பொடி போலக் கொட்டியிருந்தது. பட்டை வண்டு வந்துவிட்டது. ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே. பையிலிருந்து துரப்பணத்தை எடுத்து மரத்தில் வைத்துத் திருகினான். உள்ளிருந்து பென்சில் கனத்தில் ஒரு குச்சி வந்தது. அதில் மரத்தின் வயது வளையம் வளையமாகத் தெரியும். வெளிப்பக்கத்து வளையங்கள் எண்ண முடியாத அளவுக்கு நெருங்கிக் கிடந்தன. மரம் வளர்வதை நிறுத்தி வெகுகாலம் ஆகிவிட்டது. உள்பக்கம் பழுப்பாக, நகம் பட்டாலே உதிர்கிற மாதிரி இருந்தது.

இந்தக் காட்டை உடனே வெட்ட வேண்டும். இன்னும் இரண்டு வருஷம் விட்டால் வண்டு பாதியைத் தின்றுவிடும், மீதியைக் காற்று சாய்த்துவிடும். நேற்று வேலைக்குச் சேர்ந்த பையன்கூடச் சொல்லிவிடுவான்.

நிக்கட்டும், இன்னும் பத்து வருஷம் நிக்கட்டும். இந்த வார்த்தை ஸ்டூரேவின் வாய்க்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. எவ்வளவு சின்ன வார்த்தை. பத்து செப்டம்பர். பத்து தடவை நீல வால்வோ திருப்பத்தில் வரும். சதுப்புக்கு அந்தப் பக்கம் பத்து வருஷத்துக்கு ஆரஞ்சுத் தொப்பி. அவன் சொன்னால் அவள் நம்புவாள். ஊரே நம்புகிறது, அவளுக்கு என்ன? 

சோல்வை ஒரு மரத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள். மரத்தைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்தாள். அவன் குச்சியைப் பார்த்தான்.

ஏமாற்றியா அவளை இங்கே வரவழைப்பது? இதுதான் அவன் மனதில் ஓடியது. ஊரில் எத்தனையோ பேருக்கு, அவர்களுக்குப் பிடிக்காத உண்மையை முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறான். உலகத்தில் அவன் மிகவும் நேசித்த ஒருத்திக்கு மட்டும், தன் ஆசைக்காக, அழுகுகிற காட்டை நல்ல காடு என்று சொல்வதா? அது திருட்டு. தன்னால் முடியாது. முடியாது என்று தெரிந்தபோது அவனுக்கு அழுகை வந்துவிடும்போல இருந்தது.

"பழுத்துடுச்சு," என்றான்.

"என்னது?"

"காடு. இந்தக் குளிர்காலமே வெட்டிடு. மண்ணு உறைஞ்சதும் மிஷின எறக்கிடலாம்."

"நிச்சயமாவா?"

"நிச்சயமா."

"அவசரப்படாம நல்லா பாத்துச் சொல்லு, ஸ்டூரே."

அந்த மடையன் என்ன செய்தான் தெரியுமா? இன்னொரு மரத்திலும் துளை போட்டான். அந்தக் குச்சியையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "இதுவும் அப்படித்தான்," என்றான்.

"சரி," என்றாள் சோல்வை. கையை மரத்திலிருந்து எடுத்து, பிசினைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டாள். "நீ சொன்னா சரிதான்."

அப்படியே மேட்டு உச்சிக்கு ஏறினாள். அங்கேதான் போனுக்கு சிக்னல் கிடைக்கும். காட்டை வாங்கக் கேட்டுக்கொண்டிருந்த ஆளிடம் பேசி, மண்ணோடு கொடுத்துவிடுவதாக வாக்குக் கொடுத்தாள். ஸ்டூரே கீழே நின்றான். அவள் குரல் கேட்டது, வார்த்தைகள் கேட்கவில்லை.

புதன், வியாழன் இரண்டு நாளும் அவனுக்குத் தன்மேல் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. பெரிய தியாகம் செய்தவன் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தான். வெள்ளிக்கிழமை சோல்வை ஒரு பெரிய ஆண் மூஸை ஒரே குண்டில் சாய்த்தாள். எல்லோரும் அவள் முதுகில் தட்டினார்கள். அவனும் தட்டினான். கோட்டின் முரட்டுத் துணிக்கு அடியில் அவள் தோள் எலும்பு கைக்குத் தட்டுப்பட்டது. அன்றைக்கே பெருமையெல்லாம் வடிந்துபோயிற்று. அடுத்த வருஷம் இந்த நேரத்தில் அந்தப் பரணில் யாரும் இருக்கமாட்டார்கள். அப்புறம் மற்ற வாரங்களை எதற்காக வாழ்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

மூஸின் தோலை உரித்துக்கொண்டிருந்தபோது மரீட்டா அவனை ஓரமாக இழுத்தாள்.

"சோல்வை காட்ட விக்கறாளாம். குளிர்காலத்துல வெட்டற வேலைய எனக்குத்தான் குடுக்கப் போறாங்களாம். என்னடா சொன்ன நீ அவகிட்ட?"

"உள்ளதச் சொன்னேன்."

"உள்ளத."

"காடு பழுத்துடுச்சு, மரீட்டா. வண்டு வந்தாச்சு."

மரீட்டா கையிலிருந்த கத்தியை உதறினாள். "கழுத," என்றாள். திரும்பிப் போய் உரிக்கத் தொடங்கினாள். ஏன் திட்டினாள் என்று ஸ்டூரேக்குப் புரியவில்லை. அவளுக்கு வேலை கிடைத்திருக்கிறதே, என்றுதான் நினைத்தான்.

சனிக்கிழமை காலை கறி பிரித்தார்கள். கொட்டகையில் நீள மேசையைக் கழுவி, ஆளுக்கொன்றாகக் கறியைக் குவியல் குவியலாக வைத்தார்கள். எல்லாக் குவியலும் சமமாகத்தான் இருக்கும், ஆனாலும் மனிதர்கள் மனிதர்கள்தானே. ஒருத்தன் குவியலில் எலும்பு கூடிவிட்டால் அடுத்த வருஷம்வரை பேசுவான். அதனால் யாருக்கும் குறை வராதபடி ஒரு வழக்கம். தலைவன் முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து நிற்பான். இன்னொருவர் ஏதாவது ஒரு குவியலில் கத்தியை நீட்டி, "இது யாருக்கு?" என்று கேட்பார். தலைவன் பார்க்காமல் ஒரு பெயரைச் சொல்வான். அந்தக் குவியல் அவருடையது. மறுபேச்சுக் கிடையாது.

ஸ்டூரே சுவரைப் பார்த்து நின்றான். மரீட்டா கத்தியை நீட்டினாள்.

"இது யாருக்கு?"

"பெர்ட்டில்."

"எலும்பா பாத்து எனக்கே குடுக்கறான்," என்று பெர்ட்டில் முணுமுணுத்தான். எல்லோரும் சிரித்தார்கள்.

"இது யாருக்கு?"

"மரீட்டா."

பெயர்கள் ஒன்றொன்றாக வந்தன. தன் பெயரையும் சொன்னான். சோல்வையின் பெயரை அவன் எப்போதும் கடைசியில்தான் சொல்வான். அந்த ஒரு வாரத்தை விட்டால் அந்தப் பெயரை உரக்கச் சொல்ல அவனுக்குச் சந்தர்ப்பம் இல்லை. அதனால் மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கி வைப்பதுபோல வைத்திருந்து சொல்வான். குழுவில் எல்லோருக்கும் அது தெரியும். அவனுக்கு மட்டும், யாருக்கும் தெரியாது என்று எண்ணம்.

ஒரே ஒரு குவியல் மிச்சம் இருந்தது.

"இது யாருக்கு?"

ஸ்டூரே சுவரில் ஒரு பலகை இடுக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். பெயரைச் சொல்லிவிட்டால் முடிந்தது. இனி எந்தச் சனிக்கிழமையும் இந்தக் கொட்டகையில் அந்தப் பெயரைச் சொல்ல வேண்டியிருக்காது.   பெர்ட்டில்கூடச் சும்மா இருந்தான், அது அவன் வாழ்க்கையில் செய்த பெரிய உபகாரம்.

"ஸ்டூரே," என்றாள் மரீட்டா, மெதுவாக. "இது யாருக்கு?"

"சோல்வை," என்றான். குரல் உடைந்துவிட்டது.

திரும்பிப் பார்த்தபோது சோல்வை கொட்டகையில் இல்லை. பின்பக்கம் குழாயடியில் கத்தியைக் கழுவிக்கொண்டிருந்தாள். கத்தி எப்போதோ சுத்தமாகிவிட்டது, கழுவிக்கொண்டே இருந்தாள். அவன் போய்ப் பக்கத்தில் நின்றான்.

"ஒன் பங்கு உள்ள இருக்கு," என்றான்.

"கேட்டுச்சு."

"நல்ல பங்குதான்."

"ஸ்டூரே." அவள் தண்ணீரை நிறுத்தினாள். "எங்க அப்பா காட்டுலயே வளந்தவ நான். வண்டு விழுந்த மரத்தப் பாத்தா எனக்குத் தெரியாதா?"

அவன் விழித்தான்.

"போன வருஷமே தெரியும். நுனியெல்லாம் மெலிஞ்சு போச்சுன்னு நானே பாத்தேன். வெட்டலாமான்னு கேக்க எனக்கு நீ வேணுமா?"

"அப்பறம் எதுக்குக் கேட்ட?"

"நிக்கட்டும்னு நீ சொல்வேன்னு."

கொட்டகைக்குள் யாரோ காப்பிக் கோப்பைகளை எடுத்து வைத்தார்கள். நாய் எலும்பைக் கடிக்கும் சத்தம் கேட்டது.

"அது பொய்யாச்சே," என்றான் ஸ்டூரே.

"ஆமா, பொய்தான்." அவள் கண்கள் நிறைந்துவிட்டன. துடைக்கவில்லை, கை ஈரமாக இருந்தது. "நல்லா பாத்துச் சொல்லுன்னு இன்னொரு தடவகூடக் கேட்டேன். நீ இன்னொரு மரத்துல துள போட்ட. இத்தன வருஷத்துல ஒரே ஒரு பொய், ஸ்டூரே. அத நீ சொல்லியிருந்தா, நீ மரத்தப் பத்திப் பேசலன்னு எனக்குப் புரிஞ்சிருக்கும். நான் இங்கயே இருந்திருப்பேன், வால்வோவத் திருப்பியே இருக்கமாட்டேன்."

ஸ்டூரே அவள் கையைப் பிடித்தான். பிடிப்போம் என்று யோசித்துப் பிடிக்கவில்லை, யோசித்திருந்தால் பிடித்திருக்கமாட்டான். குளிர்ந்த தண்ணீரில் விறைத்துப்போன கை. அவள் இழுத்துக்கொள்ளவில்லை.

"நிக்கட்டும்," என்றான். "சோல்வை, இன்னும் பத்து வருஷம் நிக்கட்டும். நல்ல காடு அது. ஒண்ணும் ஆகல அதுக்கு. ஒரு வண்டுகூட இல்ல."

அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரித்தாள், அல்லது அழுதாள், அந்த இரண்டுக்கும் அவள் முகத்தில் அப்போது வித்தியாசம் தெரியவில்லை.

"எவ்வளவு நல்லா சொல்ற," என்றாள். "இத செவ்வாக்கெழம சொல்லியிருக்கணும். நான் அந்த ஆளுக்கு வாக்குக் குடுத்துட்டேன்."

வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான். அது அவர்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அவள் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு, தன் பங்கை எடுக்க உள்ளே போனாள்.